கேள்வி – பதில்: ஊமைப் படத்துக்கு எந்த இசை?

கேள்வி: 1928இல் வந்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' என்ற பிரெஞ்சு ஊமைப் படத்தை மகள் இணையத்தில் எடுத்துத் தந்தாள். அக்கா வீட்டிலும் பார்த்தேன்; படம் அதேதான், இசை வேறு. எது அசல்? முழுக்க முகமாகவே வருகிறதே, ஏன்?
– வாசகி, உவர்மலை

பதில்: எதுவும் அசல் இல்லை, தங்கச்சி. இயக்குநர் டிரேயர் இந்தப் படத்துக்கென்று எந்த இசையையும் முடிவாக வைத்துவிட்டுப் போகவில்லை. 1950களில் பரோக் எனப்படும் பழைய ஐரோப்பியச் செவ்விசையைச் சேர்த்து ஒரு பிரதி வெளியிட்டார்கள். அது அவருக்குப் பிடிக்கவேயில்லை. 1994இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஐன்ஹோர்ன் எழுதிய கோரஸ் இசை நல்ல இசைதான். ஆனால் நமக்கு அழுகை வருமுன்னே அது அழத் தொடங்கிவிடுகிறது. ஒருதரம் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள்.

முகத்துக்கு வருவோம். பிரெஞ்சுப் படையை முன்நின்று நடத்திய ஜோன் என்ற பெண்ணை 1431இல் பிரான்சின் ரூவான் நகரில் திருச்சபைக் குருமார் விசாரித்தார்கள். மாதக்கணக்கில் இழுபட்ட அந்த விசாரணையை டிரேயர் ஒரே நாளாகச் சுருக்கினார். வழக்குப் பதிவேட்டிலிருந்தே பேச்சை எடுத்தார். "நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?" என்று குருமார் கேட்கிறார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்றம். எழுத வாசிக்கத் தெரியாத அந்தப் பத்தொன்பது வயதுப் பெண், "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருந்தால் அதிலேயே வைத்திருக்கட்டும்" என்கிறாள். அந்த நேரம் குருமாரின் வாயையும் கண்ணையும் பார்க்காமல் வேறெதைப் பார்ப்பது? ஒருவருக்கும் ஒப்பனை இல்லை. ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் தலைமயிரை உண்மையாகவே வெட்டினார்கள். பெரும் செலவில் கட்டிய செட் இருந்தும் படத்தில் அது கண்ணில் படுவதே அரிது. நம் திருகோணமலைக் கோட்டை வாசலில் கமெரா வைப்பவன் முதலில் மதிலைத்தான் எடுப்பான்!

தியேட்டரில் ஒப்பரேட்டராக இருந்தவன் என்பதால் இதையும் சொல்லாமல் விட மனமில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. 1928 கடைசியில் பெர்லினில் மூல நெகட்டிவ் எரிந்தது. மிஞ்சிய ஷாட்டுகளைக் கோத்து இரண்டாவது நெகட்டிவ் செய்தார்கள், அதுவும் எரிந்தது. தணிக்கை வெட்டுப்படாத ஒரு பிரதி 1981இல் நோர்வேயின் ஒஸ்லோவுக்கு அருகே மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலுமாரியில் அகப்பட்டது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பிரதியைத்தான்.

கேள்வி: அதே காலத்து 'நெப்போலியன்' படத்துக்கு மூன்று திரை வேண்டுமாமே, மெய்யா?
– வாசகர், கிண்ணியா

பதில்: மெய்தான். ஆபெல் கான்ஸ் எடுத்த படம். 1927 ஏப்ரலில் பாரிஸ் ஓபரா மண்டபத்தில் முதலில் காட்டினார்கள். இத்தாலியப் படையெடுப்பு வரும் கடைசிப் பகுதிக்கு மூன்று திரைகள் பக்கம் பக்கமாக, மூன்று மெஷின்கள் ஒரே நேரத்தில். இரண்டு மெஷினை மாற்றி மாற்றி ஓட்டவே எனக்குக் கை போதாது. நான் என்றால் கான்ஸை விட்டுவிட்டு அந்த ஒப்பரேட்டர்களுக்குத்தான் மாலை போடுவேன்.