பானெட் மூடுமா? காசு கொடுக்கும் முன் களிமண்ணை வையுங்கள்

கேள்வி: உசிலம்பட்டியில் 1974 மார்க் 2 அம்பாசிடர் வைத்திருக்கிறேன், பெட்ரோல் வண்டி. மேனிஃபோல்டை (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்) மாற்றி, வெபர் கம்பெனி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) போட ஆசை. "பானெட் இடிச்சா மேலே ஒரு ஓட்டை போட்டுக்கலாம் சார்" என்கிறார் பார்ட்ஸ் புரோக்கர். போடலாமா?

பதில்: அந்தப் புரோக்கரிடம் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லையே? அளந்து பார்த்தவர் ஓட்டையைப் பற்றிப் பேச மாட்டார். சென்னை புதுப்பேட்டைச் சரக்கு என்று, கார்புரேட்டரைப் பொருத்த அடியில் வைக்கும் தடித்த அடாப்டர் பிளேட்டோடு ஒரு செட்டைத் தள்ளிவிடுவார், பானெட் மூடாது, டிங்கர் கடையையும் அவரே காட்டுவார். இரண்டு இடத்திலும் கமிஷன்.

நீங்களே அளக்கலாம். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஏர் ஃபில்டரின் உச்சியில் இருக்கும் பட்டர்ஃபிளை நட்டின் மேல் 3 அங்குல உயரத்துக்குக் களிமண்ணை உருட்டி வையுங்கள். அதன்மேல் பாலிதீன் காகிதம். பானெட்டை மெதுவாக இறக்கி, லாக் விழும்வரை அழுத்தித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் உயரம்தான் இப்போதுள்ள இடைவெளி. புதிய ஃபில்டர் இடம் மாறி உட்காருமானால் அந்த இடத்திலும் பாருங்கள். பானெட்டின் உள்பக்கம் விலா எலும்புபோல் ஓடும் பட்டை தகட்டைவிடக் கீழே தொங்கும், அங்கே இடைவெளி குறையும்.

பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் மேனிஃபோல்டு உட்காரும் துளையின் நடுவிலிருந்து ஃபில்டர் நட்டின் உச்சிவரை பழைய செட், புது செட் இரண்டையும் அளக்க வேண்டும். 45 மி.மீ. இடைவெளி இருந்து, புதுசு 20 மி.மீ. கூடுதல் என்றால் மிச்சம் 25. குறைந்தது 20 மி.மீ. வேண்டும். ஏனென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் இடப்பக்கம் மேலே எழும்பும். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் இடப்பக்கம்தான். செக்கானூரணி வேகத்தடைகளில் குலுங்குவது தனி. இடித்தால் பெயின்ட் போவதோடு நிற்காது, ஆக்சிலரேட்டரைக் கார்புரேட்டரோடு இணைக்கும் த்ராட்டில் லிங்க் பானெட்டில் சிக்கினால் ஆக்சிலரேட்டர் இறங்காமல் நின்றுவிடும்.

இதிலே ஒரு விஷயம். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் எப்போது மாற்றியது? ரப்பர் அமுங்கிப்போன வண்டியில் இன்ஜின் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும், இடைவெளி தாராளமாகத் தெரியும். ஆறு மாதம் கழித்துப் புது மவுண்டிங் போட்டதும் இன்ஜின் ஏறும், நட்டு பானெட்டை முட்டும். அப்போது கார்புரேட்டரைக் குறை சொல்வார்கள். ஆகவே மவுண்டிங்கை முதலில் மாற்றுங்கள், பிறகு அளங்கள். பானெட் உட்காரும் ரப்பர் புஷ்களையும் அப்படியே. அவை தேய்ந்திருந்தால் பானெட்டே இறங்கி நிற்கும்.

உயரம் இடித்தால் உயரம் குறைந்த ஃபில்டர் வாங்குங்கள், ஃபில்டரைப் பிடிக்கும் ஸ்டட்டில் (மரை போட்ட கம்பி) நட்டுக்கு மேல் நீட்டியிருப்பதை அறுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பேக்லைட் ஸ்பேசரை மட்டும் எடுக்க விடாதீர்கள். எக்ஸாஸ்ட்டும் அதே பக்கம், அடியிலேயே இருப்பதால் மதுரை வெயிலில் பெட்ரோல் கொதித்து, நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஓட்டை வேண்டவே வேண்டாம். மழைத்தண்ணீர் ஃபில்டரில் இறங்கும். தவிர, 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதி, பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது என்கிறது. உங்கள் வண்டி அந்த வயதைத் தொட்டாயிற்று. எது "பெரிய மாற்றம்" என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வெளியே நிற்கும் ஏஜென்ட், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். அந்தப் பதிவு எண்ணம் இருந்தால் பழைய மேனிஃபோல்டையும் கார்புரேட்டரையும் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்துவிடுங்கள்.