மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கலாமா? கல்லூரி மாணவர்களின் கேள்விகள் சில

பி.காம் சேர்ந்து ரெண்டு வாரத்தில் வேறு காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. மூன்று வருட ஃபீஸையும் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் தருவோம் என்கிறார்கள். என்ன செய்வது?

கட்டாதீர்கள். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவிப்பு வந்துவிட்டது. ஃபீஸ் எவ்வளவு திரும்பும் என்பது, அட்மிஷன் கடைசித் தேதியை வைத்து நீங்கள் எப்போது விலகல் கடிதம் தருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு என்றால் முழுத் தொகை (5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்), 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சில வருடங்களில் யு.ஜி.சி. தனி அறிவிப்பு விட்டு மாணவருக்கு இன்னும் சாதகமாகத் தேதி கொடுத்திருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள். கடிதத்தை ஆபீஸில் வாங்க மாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னதற்குத் தேதி கிடையாது.

ஹாஸ்டல் தகராறில் நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். வார்டன் வெள்ளைத் தாளைக் கொடுத்து "மன்னிப்புக் கடிதம் எழுதிட்டுப் போ, இதோட முடிஞ்சுது" என்கிறார். எழுதலாமா?

எழுதாதீர்கள், முடியாது என்று முறைத்துக்கொண்டும் வராதீர்கள். 'இதோடு முடிந்தது' என்று சொல்லி வாங்கும் தாள்தான் பிறகு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் ஃபைலில் முதல் பக்கமாக உட்காரும், அதை எழுதியவரே குற்றத்தை ஒத்துக்கொண்டார் என்று படிப்பார்கள். "என் மீது என்ன புகார் என்று எழுத்தில் கொடுங்கள் சார், விளக்கம் தருகிறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். புகார் என்ன என்று சொல்லாமல், உங்கள் தரப்பைக் கேட்காமல் தண்டனை கொடுத்தால் அது நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். விளக்கக் கடிதத்தில் எங்கே நின்றீர்கள், யார் பார்த்தார்கள், எத்தனை மணி என்பது மட்டும் இருக்கட்டும். நண்பனைக் காப்பாற்றக் கதை சேர்க்க வேண்டாம், விசாரணையில் அதுதான் முதலில் உடையும். தண்டனை அநியாயம் என்றால் 2023 யு.ஜி.சி. விதிமுறைப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். 15 வேலை நாளில் அவர்கள் அறிக்கை தர வேண்டும், அதிலும் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழக ஆம்பட்ஸ்பர்சனிடம் (மாணவர் முறையீடுகளை விசாரிப்பவர்) மேல்முறையீடு. இந்த இரண்டாவது கெடுவைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் வருடம் படிக்கும் மகனை சீனியர்கள் ராத்திரி எழுப்பி வேலை வாங்குகிறார்கள். புகார் கொடுத்தால் இன்னும் மோசமாகும் என்று பயப்படுகிறான்.

அம்மா, இது ராகிங். புகாரை அவன்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, நீங்களே கொடுக்கலாம். தேசிய ராகிங் தடுப்பு ஹெல்ப்லைன் 1800-180-5522. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, இரண்டு வருடம் வரை சிறை. 2009 யு.ஜி.சி. விதிப்படி தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைமையே எஃப்.ஐ.ஆருக்குப் போக வேண்டும், 'உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்' என்று கூப்பிட்டால் இதை நினைவுபடுத்துங்கள். எந்த அறை, எந்த ராத்திரி என்று அவனை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பையன் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால் 14416-க்கும் போன் போடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அரியர் பேப்பரில் மார்க் நம்ப முடியவில்லை. விடைத்தாளைப் பார்க்க முடியுமா?

முடியும். தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்க ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லிவிட்டது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம், 30 நாளில் பதில். ஆனால் அதற்குள் மறுமதிப்பீட்டுக்கான தேதி போய்விடும், அதனால் பல்கலைக்கழகத்தின் நகல் கேட்கும் படிவத்தையும் கூடவே போட்டுவிடுங்கள்.