பழைய படம், புதிய படம் இரண்டையும் ஒப்பிட்டால் காடு அழிந்தது தெரியுமா?

2000-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படம் ஒன்றையும் இப்போதைய படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காட்டின் பாதிப்பைக் கணக்கிட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தமாக வெட்டி வயலாக்கிய இடம் என்றால் தெரியும். மற்றவற்றுக்குப் போதாது. இந்தப் படங்களோடு தொடர்ந்து புழங்குவதால் உறுதியாகவே சொல்கிறேன்.

இயற்கைக் காட்டை 2003-இல் வெட்டிவிட்டு, அங்கே வேகமாக வளரும் ஒரே வகை மரத்தை நட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். இன்றைய படத்திலும் அந்த இடம் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு காடே போயிருக்கும், உங்கள் ஒப்பீடோ "மாற்றமில்லை" என்று சொல்லும். இதற்கு நேர்மாறும் நடக்கும். இலையுதிர் காட்டை மழைக்குப் பிறகு ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் எடுத்து ஒப்பிட்டால், ஒன்றுமே நடக்காத காடு அழிந்ததுபோலத் தெரியும்.

இரண்டு படப் பழக்கத்துக்கு முக்கியக் காரணம் விலை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படம் ஒன்று ஒரு காலத்தில் 600 டாலருக்கு விற்றது. 2008-இல் அந்தத் தொகுப்பு முழுவதும் இலவசமானது. 1984 முதல் இன்றுவரை, 30 மீட்டர் துல்லியத்தில், ஒவ்வொரு செயற்கைக்கோளும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. அதன்பின் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வியே மாறியது: இந்த ஒரு பிக்சலுக்கு, அதாவது படத்தின் ஒரு 30 மீட்டர் கட்டத்துக்கு, ஆண்டுதோறும் என்ன நடந்தது? 2010-இல் வந்த லேண்ட்டிரெண்டர் முறை அதைத்தான் செய்கிறது. ஆண்டுக்கொரு மதிப்பாக வரைந்து, அந்தக் கோட்டை நேர்த்துண்டுகளாக உடைத்து, எந்த ஆண்டு சரிந்தது, எவ்வளவு சரிந்தது, எத்தனை ஆண்டில் மீண்டது என்று சொல்லும்.

கோட்டின் வடிவம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. தீ வைத்தாலோ வெட்டினாலோ ஒரே ஆண்டில் செங்குத்தாக விழும். பூச்சித் தாக்குதல் என்றால் பல ஆண்டுகளுக்கு மெல்லச் சரிந்துகொண்டே போகும். வறட்சியில் ஒரு பருவம் தாழ்ந்து, நல்ல மழை பெய்ததும் பெரும்பாலும் எழுந்துவிடும். தீயா, வெட்டா என்பதைக் கோடு மட்டும் சொல்லாது; பாதிப்பின் எல்லையையும் அருகில் சாலை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பச்சைத்தன்மையை அளக்கும் என்டிவிஐ குறியீடு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். வெட்டிய இடத்தில் புதரும் களையும் முளைத்தாலே அது பழைய அளவுக்கு ஏறிவிடும். குறு அலை அகச்சிவப்பையும் சேர்த்துக் கணக்கிடும் என்பிஆர் என்ற குறியீடு, இலையின் ஈரத்தையும் மரங்களின் அடர்த்தியையும் இன்னும் நன்றாகக் காட்டும். பாதிப்பின் தடம் அதில் கூடுதல் காலம் தங்கும்.

மேகம் விலகாத இடங்களில் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படங்கள் கைகொடுக்கும்; ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுப்பவை அப்படிப்பட்டவை. 2025 ஜூலையில் ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோளின் நீண்ட அலை, இலைகளைத் தாண்டிக் கிளை, தண்டு வரை போகக்கூடியது.

அப்புறம், பரப்பளவு. வரைபடத்தில் அழிவைக் காட்டும் சிவப்புப் பிக்சல்களை எண்ணிப் பெருக்கி "இத்தனை ஹெக்டேர் அழிந்தது" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 1 லட்சம் ஹெக்டேர் காட்டில் உண்மையில் 1,000 ஹெக்டேர் அழிந்திருக்கிறது. மீதி 99,000-இல் வெறும் 1% தவறாகச் சிவப்பானால் அதுவே 990 ஹெக்டேர்! 99% துல்லியம் என்று சொல்லிக்கொள்ளும் வரைபடமே அழிவை இரட்டிப்பாக்கிவிடும். அழிந்தவை, அழியாதவை என இரண்டு வகையிலும் குலுக்கல் முறையில் புள்ளிகள் எடுத்து, தெளிவான படங்களில் கண்ணால் சரிபார்த்து, அதிலிருந்து பரப்பையும் பிழை வரம்பையும் கணக்கிடுவதே நேர்மையான வழி.

ஆயத்தமாகக் கிடைக்கும் உலக வரைபடங்களிலும் கவனம் தேவை. 2013-இல் ஹான்சன் குழு வெளியிட்ட வரைபடம் அருமையானது. ஆனால் அது காட்டுவது மரப்போர்வை இழப்பு. தோட்ட மரங்களின் அறுவடையும் அதில் சேரும்.

சரி, எங்கே தொடங்குவது? தீயோ வெட்டோ எந்த ஆண்டு நடந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தை எடுங்கள். இத்தகைய படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் அந்தப் புள்ளியின் என்பிஆரை, ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் மேகம் நீக்கிய படங்களிலிருந்து, 1984 முதல் வரைந்து பாருங்கள். சரிவு சரியான ஆண்டில் விழுந்தால் அடுத்த புள்ளிக்குப் போகலாம். விழவில்லை என்றால், முதலில் மேக நீக்கத்தைச் சரிபாருங்கள்.