காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் காய்ச்சலும் தொற்றும்தான். இந்த முறை வந்ததையெல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. என்ன மருந்து, என்ன டெஸ்ட் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எந்தத் தேதியில் தொடங்கியது என்பதைச் சிலர்தான் எழுதியிருக்கிறார்கள். நேரில் வரும் நோயாளியிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான். ஏன் என்பது பதில்களைப் படிக்கும்போது புரியும்.

என் 9 வயது மகனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. பிளேட்லெட் 80 ஆயிரம். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்து பப்பாளி இலைச் சாறு கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாமா? (ஒரு தாய், திருவள்ளூர்)

வேண்டாம் அம்மா. இன்றும் நாளையும் அவன் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும். மற்ற காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் நிம்மதி. டெங்குவில் கண்காணிப்பு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. காய்ச்சல் வந்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடல் சூடு இறங்கும் நேரத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்தத்தில் இருக்கும் நீர் வெளியேறி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் சரியும், கை கால் சில்லிடும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். டெங்குவில் நாம் இழக்கும் குழந்தைகளில் பலர் இந்த இரண்டு நாளில்தான் போகிறார்கள். "காய்ச்சல் விட்டுவிட்டதே, பிள்ளை அசதியில் தூங்குகிறான்" என்று வீட்டில் வைத்திருந்து, மாலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நாள்தான் ஆபத்தான நாள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை: விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கறுத்த மலம், எழுப்பினாலும் சுரத்தில்லாமல் கிடப்பது அல்லது காரணமில்லாமல் அமைதியின்றிப் புரள்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

பிளேட்லெட் எண்ணைப் பார்த்துப் பயந்துகொண்டே இருக்கிறோம். 80 ஆயிரம், 50 ஆயிரம் என்பதற்காக யாருக்கும் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. ரத்தக்கசிவு இருந்தாலோ, 10 ஆயிரத்துக்கும் கீழே போனாலோதான் அந்தப் பேச்சு வரும். நான் அதைவிட உற்றுப் பார்ப்பது பி.சி.வி. என்ற எண்ணை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை. அது ஏறினால் ரத்தம் கெட்டியாகிறது, நீர் கசிகிறது என்று பொருள். கசிவு நின்ற பிறகு பிளேட்லெட் தானாகவே ஏறிவிடும். அந்த நேரத்தில் என்ன குடித்திருந்தாலும் அதுதான் ஏற்றியது என்று தோன்றும். பப்பாளி இலைச் சாறு கசிவை நிறுத்தாது. வெறும் வயிற்றில் கசப்பாகக் குடித்து வாந்தி எடுத்தால், அபாய வாந்தியா சாற்றினால் வந்ததா என்று எங்களுக்கும் குழப்பம்தான். இளநீர், உப்பு போட்ட கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

சூடு திரும்பினால் பாரசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. அவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். "ஒரு ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்குங்கள்" என்று எந்த டாக்டரையும் வற்புறுத்த வேண்டாம்.

எங்கள் தெருவில் சாக்கடையே கிடையாது. வாரம் ஒருமுறை புகையும் அடிக்கிறார்கள். அப்புறமும் மூன்று வீடுகளில் டெங்கு எப்படி வந்தது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

சாக்கடைக் கொசு வேறு, சார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். மூடாத டிரம், ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி, பழைய டயர், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக எட்டு, பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்று சொல்கிறோம். இன்னொன்று: முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். டிரம்முக்குள் நெளியும் புழுவை அது தொடாது.

பகலில் கடிக்கும் கொசு இது. காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். முதல் ஐந்து நாள் அவர் ரத்தத்தில் கிருமி நிறைய இருக்கும். அவரைக் கடித்த கொசு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து அடுத்தவருக்குக் கிருமியைக் கொடுக்கத் தொடங்கும். நோயாளிக்கு வலை கட்டுவது பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யும் உதவி. டெங்குவில் நான்கு வகைகள் உண்டு, ஒரு முறை வந்தவருக்கு இன்னொரு வகை வரலாம். இரண்டாவது முறை கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். "எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது" என்று இருப்பவர்கள்தான் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா? (கல்லூரி மாணவி, மதுரை)

பார்த்தால் ஒட்டாது. அவர் கண்ணைத் தேய்த்த கை, துண்டு, தலையணை உறை, கதவுப் பிடி வழியாக உங்கள் கைக்கும், அங்கிருந்து உங்கள் கண்ணுக்கும் வரும். கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. கை கழுவுங்கள். தாய்ப்பாலோ, பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தோ விட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண்ணுக்கு நிரந்தரக் கெடுதல் வரலாம்.

பத்து நாளைக்கு முன் ஒரு தெரு நாய்க்குட்டி கணுக்காலில் கடித்து லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன், ஆறிவிட்டது. குட்டியை இப்போது காணவில்லை. நாள் கடந்துவிட்டதே, இனி ஊசி போட்டுப் பயன் உண்டா? (வாசகர், திண்டுக்கல்)

உண்டு. இதைப் படித்தவுடன் கிளம்புங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

வெறிநாய்க்கடிக் கிருமி ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. கடிபட்ட இடத்துச் சதையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நரம்பைப் பிடித்து மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வந்துவிடும், அரிதாக ஒரு வருடத்துக்குப் பிறகும் வரும். முகம், தலை, விரல் நுனி என்றால் நாள் குறையும். குழந்தைகளை நாய் முகத்தில் கடிப்பது அதிகம் என்பதால் அவர்கள் விஷயத்தில் ஒரு மணி நேரம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியும். அது மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் உங்கள் உடம்பு எதிர்ப்பாற்றலைத் தயார் செய்துவிட வேண்டும். தடுப்பூசி செய்வது இதுதான். தண்ணீரைக் கண்டு பயப்படும் நிலை வந்துவிட்டால், அதன் பிறகு கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடிந்ததில்லை. உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

ரத்தம் வந்த கடி என்பதால் இரண்டு வேண்டும். ஒன்று தடுப்பூசி. தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி நாளைப் பூஜ்யம் என்று வைத்து 3, 7, 28 ஆகிய நாட்களில். சதையில் போட்டால் நடுவில் 14-ஆம் நாளும் சேரும். மற்றொன்று, காயம் இருந்த இடத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின். இது ஆயத்த எதிர்ப்புப் பொருள், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை காவல் நிற்கும். தடுப்பூசியே இன்னும் ஆரம்பிக்காததால் பத்து நாள் கழிந்தும் உங்களுக்குப் போடலாம், "கடி ஆறிவிட்டது, ஆனாலும் இதுவும் வேண்டும்" என்று கேட்டு வாங்குங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசம். இம்யூனோகுளோபுலின் அங்கே இருப்பில் இல்லையென்றால் எந்தப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

நாயைப் பத்து நாள் கவனிக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும். குட்டி என்பதாலோ, வளர்ப்பு நாய் என்பதாலோ விலக்கு இல்லை.

மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் இனி யாருக்கும் வைக்க விடாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் துணி சோப்பு போட்டாவது கழுவ வேண்டும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். வீட்டில் இருக்கும் மருந்தில் அதற்கு ஈடானது ஒன்றும் இல்லை. தொப்புளைச் சுற்றி ஊசி என்ற பயத்திலேயே பலர் வராமல் இருக்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் உட்பட நம் நாட்டில் எங்கும் அதை இப்போது தயாரிப்பதில்லை. இப்போது கையில்தான் ஊசி.

மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. குளிக்கக் கூடாது, மருந்து கொடுத்தால் ஆத்தா கோபப்படுவாள் என்கிறார் என் மாமியார். வீட்டில் என் நாத்தனார் ஆறு மாதக் கர்ப்பிணி. என்ன செய்வது? (வாசகி, சேலம்)

முதலில் நாத்தனார். அவருக்குச் சிறுவயதில் சின்னம்மை வந்ததா, தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை, அல்லது தெரியவில்லை என்றால் இன்றே அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு இது நுரையீரலைத் தாக்கலாம். தடுக்கும் மருந்து உண்டு, ஆனால் தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அவரை வேறு வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் தீராது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே உங்கள் மகளிடமிருந்து தொற்று பரவத் தொடங்கியிருக்கும். அறிகுறி வர 10 முதல் 21 நாள் வரை ஆகலாம்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியாள் வராமல் பார்த்துக்கொள்வது, நோயாளியைத் தனியாகப் படுக்க வைப்பது எல்லாமே நல்ல தனிமைப்படுத்தல்தான், அதைத் தொடரட்டும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை அது தேவை. குளிப்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் தினமும் குளித்து, ஒற்றியெடுத்துத் துடைத்து, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் கொப்புளம் சீழ் பிடிக்காது. வேப்பிலை போட்ட தண்ணீர் என்றால் பாட்டிக்கும் திருப்தி. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது. வீட்டில் பெரியவர்களுக்கு வந்தால் கொப்புளம் கிளம்பிய முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள், கிருமிக்கு எதிரான மாத்திரை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

ஆத்தாவின் கோபம் என்று நம் முன்னோர் பயந்தது பெரியம்மையைப் பார்த்து. கண்ணையும் உயிரையும் கொண்டுபோன நோய் அது. தடுப்பூசியால் அதை உலகத்தை விட்டே துரத்தி, 1980-இல் அறிவித்தும் ஆயிற்று. பாட்டியிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

அப்பாவுக்கு டி.பி. மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். பேரனைத் தூக்கக்கூட விடுவதில்லை. சரிதானே? (வாசகர், சென்னை)

மனம் கனக்கிறது. தட்டால் டி.பி. பரவாது. இருமும்போது கிளம்பும் நுண்துளி காற்றில் மிதந்து, அதைப் பல நாள் ஒரே மூடிய அறையில் சுவாசிப்பவருக்குத்தான் பரவுகிறது. சன்னலைத் திறப்பது தட்டைப் பிரிப்பதைவிட எத்தனையோ மடங்கு பயன் தரும். கிருமிக்கு மருந்து கேட்கிறது என்று பரிசோதனையில் தெரிந்து, தவறாமல் சாப்பிட்டுவந்தால் இரண்டு வாரத்திலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு மாதம் ஆகிவிட்டது. அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேரனைத் தாத்தா மடியில் உட்கார வையுங்கள்.

இது உங்கள் ஊரிலேயே நிரூபித்த விஷயம். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையத்தில், நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியம் என்ற டி.பி. மருத்துவமனையில் சேர்த்தும், மற்றவர்களை வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நெரிசலான வீடு, போதாத சாப்பாடு. இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுக்க டி.பி. நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் வழக்கத்தை மாற்றியது. சேத்துப்பட்டில் அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

ஒரு மாதத்தில் இருமல் நின்று, எடை ஏறியிருக்கும். பலர் மருந்தை விடுவதும் அப்போதுதான். ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும், இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது மாத்திரையால், பயம் வேண்டாம். பேரனையும் வீட்டில் உள்ள மற்றவர்களையும் பரிசோதித்துத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகையும் அப்பாவின் கணக்குக்கு வர வேண்டும்.

மனைவிக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், தாங்காத தலைவலி. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை. இரண்டு ஆன்டிபயாடிக் மாற்றியாயிற்று. களையெடுக்கப் போகிறவள். (விவசாயி, வேலூர் மாவட்டம்)

ஐயா, உடம்பு முழுக்கப் பார்த்தார்களா? அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, பாவாடை நாடா கட்டும் இடம், காதுக்குப் பின்னால். சிகரெட்டால் சுட்டது போல, சுற்றிலும் சிவந்து நடுவில் கறுத்த ஒரு பொருக்கு இருக்கிறதா? வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரியாது. இருந்தால் அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ், நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்து வருவது. வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குக்கு அது அசையாது. விலை மலிவான டாக்சிசைக்ளினுக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். பத்து நாள் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். இரண்டாவது வாரத்தில் இது நுரையீரல், சிறுநீரகம், மூளையைப் பிடிக்கலாம். மூச்சு வாங்கினாலோ பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ இந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பொருக்கு இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை உண்டு. சேற்றில் வெறுங்காலோடு நின்றவர் என்பதையும் சொல்லுங்கள். கெண்டைக்கால் வலி, சிவந்த கண், மஞ்சள் சிறுநீர் இருந்தால் எலிக்காய்ச்சலையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆண் மருத்துவர் என்று அவர் கூச்சப்பட்டால் ஒரு நர்ஸம்மாவை உள்ளே அழைத்துத் திரைக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள்.