மருந்து அடித்தும் உண்ணி போகவில்லையே?

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் மேயும் இரண்டு கறவைப் பசுக்கள். டெல்டாமெத்ரின் அடித்தால் ஒரு வாரம் உண்ணி குறைகிறது, பிறகு பழையபடி. மருந்து போலியா? ஊசி போடலாமா?
*– வாசகர், திருவட்டார்*

பதில்: மருந்தைச் சந்தேகிக்கும் முன் அளவைப் பாருங்கள். 1.25 சதவீத டெல்டாமெத்ரின் என்றால் உண்ணிக்கு லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. மூடியில் ஊற்றாதீர்கள், ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளந்து எடுங்கள். நீர்த்துப்போன கலவையில் பலவீனமான உண்ணி மட்டும்தான் சாகும். தாக்குப்பிடித்தது முட்டையிடும், ஒன்றே 2,000-க்கு மேல். மருந்துக்கு மசியாத கூட்டம் இப்படித்தான் உருவாகிறது.

அடுத்தது, நனையும் அளவு. வளர்ந்த பசுவுக்கு 3 லிட்டராவது வேண்டும். முதுகில் மட்டும் தெளித்துவிட்டு வந்தால் பயனில்லை. காதுமடலின் உட்புறம், அலைதாடி மடிப்பு, மடிக்கும் தொடைக்கும் இடையிலுள்ள இடுக்கு, வாலடி ஆகியவற்றை விரலால் விலக்கிப் பாருங்கள். ஆமணக்கு விதைபோல உப்பியவை அங்கேதான் ஒட்டியிருக்கும். காதுக்குள் தெளிக்காமல் கலவையில் நனைத்த துணியால் துடையுங்கள். முன்னதாக மாட்டுக்கு வயிறார தண்ணீர் காட்டுங்கள், தாகத்தில் உடம்பை நக்கக் கூடாது. பால் கறந்த பிறகே அடியுங்கள். அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவுங்கள்.

மாட்டு உண்ணி ஏறியதிலிருந்து இறங்கும்வரை சுமார் 21 நாள் உடம்பிலேயே இருக்கும். குஞ்சுகள் புல்லிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே 14, 15 நாளில் மறுபடி அடிக்க வேண்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அடித்த அன்றே நனைந்தால் மருந்து கழுவிப் போய்விடும். மழை வெறிச்ச நாளாகப் பார்த்து அடியுங்கள். தொழுவச் சுவரின் வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். இறங்கிய உண்ணி முட்டையிடுவது அங்கேயும் மண்ணிலும்தான்.

இத்தனைக்கும் பிறகு போகவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு அமிட்ராஸ் போன்ற வேறு வகைக்கு மாறுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: வாழைக்கு அடிக்கும் மருந்தை மாட்டுக்கு அடிக்காதீர்கள். டெல்டாமெத்ரின் மீனுக்குக் கொடிய விஷம், மிச்சத்தைக் குளத்திலோ தோட்டிலோ (ஓடையிலோ) கொட்டவும் வேண்டாம். நீங்கள் கேட்ட ஊசி, அதாவது உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின், பாலில் இறங்கும், கறவையில் வேண்டாம். காய்ச்சலோடு மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: கன்றின் தொப்புளில் புழு வைத்துவிட்டது. பூச்சிமருந்து ஊற்றலாமா?
*– வாசகி, தோவாளை*

பதில்: வேண்டாம். டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்தால் புழு மூச்சுமுட்டி மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். தலையைச் சதைக்குள் புதைத்து, மூச்சுவிடும் பின்நுனியை வெளியே நீட்டியிருக்கும். ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. பிறகு கழுவி, ஈ அண்டாத களிம்பு தடவி, மறுநாளும் பாருங்கள். எடுத்த புழுவை மண்ணில் வீசினால் கூட்டுப்புழுவாகி ஈயாகும். கொதிநீரில் போடுங்கள்.

அமெரிக்காவில் இதே போன்ற புண்புழு ஈயை ஆராய்ந்தவர் எட்வர்ட் நிப்ளிங். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேனுக்கு டி.டி.டி. பூச்சிமருந்தைப் பயன்படுத்தும் ஆய்வை நடத்தியவரும் அவர்தான். ஆனால் இந்த ஈக்கு அவர் தேடிய வழி மருந்து அல்ல. பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறையே இணையும் என்பதால், கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களை ஏராளமாகப் பறக்கவிட்டால் முட்டை பொரிக்காது என்று கணக்கிட்டார். 1954-இல் கரீபியக் கடலிலுள்ள குரசாவ் தீவில் அது பலித்தது. நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. கன்று பிறந்ததும் தொப்புளில் அயோடின் தொடுவதே உங்கள் கையிலிருக்கும் தடுப்பு.