18 சதவீதம் வந்தால் திருட்டா?

கேள்வி: மருத்துவ அறநெறி பற்றிய என் கட்டுரைக்கு ஒப்புமைச் சோதனையில் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்ப்பது) 18 சதவீதம் வந்தது. 15-க்குள் கொண்டுவந்தால் போதும் என்கிறார்களே?

பதில்: எல்லா இதழ்களுக்கும் பொதுவான பாஸ் மார்க் எதுவும் கிடையாது. ஐதென்டிகேட் போன்ற மென்பொருள், உங்கள் சொற்கள் வேறெங்கே இருக்கின்றன என்று காட்டும்; திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் விலக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு மூலவாரியாகப் பாருங்கள். முப்பது இடங்களிலிருந்து அரை அரை சதவீதம் என்றால், ‘எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறப்பட்டது’ வகையறா வழக்கத் தொடர்களாகவே பெரும்பாலும் இருக்கும். மொத்தமே 6 சதவீதம், ஆனால் ஒரே கட்டுரையிலிருந்து, அதுவும் விவாதப் பகுதியில் என்றால்தான் வில்லங்கம்.

ஆய்வகக் கட்டுரையில் செய்முறை வரிகள் ஒத்துப்போனாலும் கண்டுபிடிப்பு தனியாக நிற்கும். அறநெறிக் கட்டுரையில் வாதமேதான் கண்டுபிடிப்பு. எடுத்துக்காட்டு, அதற்கு எதிர்வாதம், எதிர்வாதத்துக்கு விடை என்ற வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றினால் எண் குறையும். துறை தெரிந்த மதிப்பீட்டாளர் ஒரே வாசிப்பில் பிடித்துவிடுவார். வேற்றுமொழியிலிருந்து பெயர்த்து எழுதினாலும் இதே கதிதான். பத்தி முடிவில் அடிக்குறிப்பு எண் போட்டால் மட்டும் போதாது. ‘இந்த வாதம் இன்னாருடையது’ என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: என் கட்டுரையின் பத்திகள் இன்னொருவர் பெயரில் வெளியாகியுள்ளன. யாரிடம் முறையிடுவது?

பதில்: அந்த இதழின் ஆசிரியரிடம். இடப்பக்கம் உங்கள் வரி, வலப்பக்கம் அவர் வரி என்று அட்டவணை போட்டு, பக்க எண், வெளியான தேதி, இரு கட்டுரைகளின் பிடிஎஃப் எல்லாவற்றையும் இணையுங்கள். வசைச்சொல் வேண்டாம், அட்டவணையே பேசும். பதிப்பு அறநெறிக் குழுவான ‘கோப்’ வகுத்த நடைமுறைப்படி, ஆசிரியர் முதலில் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்பார். பதில் இல்லையென்றால் உடன் எழுதியவர்களிடமும், பிறகு கட்டுரையாளர் பணிபுரியும் நிறுவனத்திடமும் போவார். மாதக்கணக்கில் இழுக்கும். விசாரணை நீண்டால், கட்டுரைமீது எச்சரிக்கைக் குறிப்பு வெளியிடச் சொல்லிக் கேட்கலாம். சில வரிகள்தான் என்றால் திருத்தத்தோடு முடியக்கூடும்.

கேள்வி: நம்பத்தக்கதல்ல என்று திரும்பப் பெற்ற கட்டுரை இன்னும் இதழின் தளத்தில் இருக்கிறதே, ஏன்?

பதில்: வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 2010-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதை மேற்கோள் காட்டியவர்கள் எத்தனையோ பேர். எதை நம்பி எழுதினார்கள் என்று சரிபார்க்கக் கட்டுரை இருந்தாக வேண்டும். அதனால் பக்கங்களில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை விழும். யார் திரும்பப் பெற்றார், ஏன் என்று சொல்லும் அறிவிப்பும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்க வேண்டும். ‘கட்டுரையாளர் வேண்டுகோளின்படி’ என்று மட்டும் போட்டு மழுப்பும் அறிவிப்புகளால் யாருக்கும் பயனில்லை.

உங்கள் கணினியில் பழைய பிடிஎஃப் இருந்தால் அதில் முத்திரை இருக்காது. கட்டுரையை அனுப்புமுன் நூற்பட்டியல் முழுவதையும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்திலோ ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்திலோ ஒருமுறை தேடிப் பாருங்கள். நூற்பட்டியல் மென்பொருளான ஸோட்டெரோவைப் பயன்படுத்துபவர்களுக்கு அதுவே சிவப்பு எச்சரிக்கை காட்டும்.