தங்கையின் வெந்நீர்

கேள்வி: எனக்கு 29 வயது. பி.இ. முடித்து ஏழு வருஷம் ஆகிறது. முதலில் வங்கித் தேர்வுக்குப் படித்தேன். பிறகு எஸ்.ஐ. தேர்வு, அப்புறம் குரூப் 2, இப்போது குரூப் 4. எதையும் ஆவேசமாகத் தொடங்குகிறேன். மூன்றே மாதத்தில் ஆர்வம் வடிந்துவிடுகிறது. அப்பா இல்லை. ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் தங்கை இரவு பத்து மணிக்கு வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தத்தில் கொஞ்சநஞ்சக் கவனமும் போய்விடுகிறது. மன உறுதியை வளர்த்துக்கொள்ள வழி சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், மேலூர்.

பதில்: தம்பி, மன உறுதியைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் தங்கை ஏன் காலை வெந்நீரில் வைக்கிறாள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

கடை திறந்ததிலிருந்து அவள் நிற்கிறாள். அடுக்கிலிருந்து புடவையை எடுத்து, உதறி, விரித்துக் காட்டி, வேண்டாம் என்றால் மடித்து, மறுபடி அடுக்கி, நாள் முழுக்க இதுதான். இந்தப் பெண்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இருக்கை போட்டாலும், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் யார் உட்கார முடியும்? அவள் நிற்பதால்தான் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறீர்கள். அந்தக் கால்வலியைச் ‘சத்தம்’ என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

கோபமாகத்தான் எழுதுகிறேன். எத்தனையோ பிள்ளைகள் இதே கேள்வியை அனுப்புகிறார்கள், எல்லோருக்கும் மன உறுதிதான் குறைச்சல். நீங்கள் மூன்று முறை தேர்வை மாற்றியிருக்கிறீர்கள். ஒரு முறையாவது, ‘மாற்றப் போகிறேன்’ என்று தங்கையிடம் சொன்னீர்களா? நமக்கு நாமே கொடுத்துக்கொண்ட வாக்கை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிக்கொள்ளலாம், கேட்க ஆள் இல்லை. சோறு போடுகிறவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதை அப்படி விட முடியாது. ஒருவர் சம்பாத்தியத்தில் இன்னொருவர் படித்தால் அது கடன், கணக்குச் சொல்லியே ஆக வேண்டும். இதில் அண்ணன், தங்கை என்ற பேச்சே கிடையாது.

சரி, குரூப் 4 ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் இல்லை; ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் சரிபாதி, 100 கேள்விகள், தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பி.இ. படித்தவர்கள் ‘தமிழ்தானே’ என்று அசட்டையாக விட்டுக் கோட்டை விடுவது இங்கேதான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் உங்கள் வீட்டில் எந்தச் சத்தமும் இருக்காது. வாரத்தில் ஒரு நாள் மதுரைக்குப் பஸ் ஏறி, புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்காருங்கள்.

பகலில் வேலைக்குப் போங்கள். பில் போடும் வேலையோ, பிள்ளைகளுக்கு டியூஷனோ, எதுவானாலும் சரி. படிப்பு கெட்டுவிடும் என்பீர்கள். ஏழு வருஷமாக வேலைக்குப் போகாமல்தானே படித்தீர்கள்? முதல் சம்பளத்தைத் தங்கை கையில் கொடுத்து, எந்தத் தேர்வு, எத்தனை முறை எழுதுவேன், அதற்கு மேல் எழுத மாட்டேன் என்பதை அம்மாவும் கேட்கும்படி சொல்லுங்கள்.

இன்று ராத்திரி அவள் வரும் முன்னால் வெந்நீரை நீங்கள் போட்டு வையுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அவள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் கால் எத்தனை நாளாக வலிக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவளிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.